சுவரில் பிரெஞ்சுப் பிரதமர்

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். மேசைக்குப் பின்னால் விசாரணைத் துரை. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற முதலியார். மூலையில் தட்டெழுத்து அடிக்கிற ஒரு பெண். எங்களுக்குச் சாட்சி சொல்ல வந்த பேக்கரி முதலாளி. துணைக்கு வந்த கிளாக்கர் ஐயா. என் வீட்டுக்காரர். நான். என் மடியில் மகன், மூன்று வயது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சுவரில் ராணி படம். அவ்வளவுதான்.

இடம் கண்டி. சுதந்திரம் கிடைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமானால் மனுப் போட வேண்டும் என்று சட்டம். நாங்களும் போட்டிருந்தோம். புருஷன் போடுகிற மனுவிலேயே பெண்சாதியும் பிள்ளைகளும் அடக்கம். மனு சரிவந்தால் நாலு பேரும் கண்டியில் இருக்கலாம். சரிவராவிட்டால் அவர் கப்பல் ஏற வேண்டும். எங்களுக்கு என்ன என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

நான் பிறந்தது கலகெதரப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கட்டிக்கொடுத்தது கண்டிக்கு. என் வீட்டுக்காரர் ரயில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு பேக்கரியில் போறணைக்காரர். பாண் சுடுகிற அடுப்பைப் போறணை என்போம். எந்த நேரம் விறகை இழுப்பது, எந்த நேரம் பாணை உள்ளே தள்ளுவது என்று கையை நீட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் அதே பேக்கரியில் மா அரிக்கிற வேலை. பின்பக்கத்து லைன் அறையில் குடியிருந்தோம்.

முதலாளி அக்குறணைக்காரர். என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ‘முசியே’ என்பார். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். தெருவிலும் அதுதான் பெயர். சிலர் ‘பிரெஞ்சு’ என்பார்கள். ஏனென்றால் அவர் பிறந்தது காரைக்காலில். காரைக்கால் அப்போது பிரான்ஸ்காரன் கையில் இருந்தது. அவருடைய அப்பா அங்கே போலீஸ். சிவப்புத் தொப்பி வைத்திருந்தாராம். அந்தத் தொப்பியைப் பற்றி நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

மனு எழுதிய கதையைச் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க ஆபீசுக்கு, முன்னால் மரத்தடியில் பெட்டிசன் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். பழைய குடை, மடக்குகிற மேசை. மனு வாங்குகிற தவணை முடியப் போகிறது என்று சனம் நெருக்கியடித்தது. எங்கள் முறை வந்ததும் கேட்டார்.

‘பொறந்த இடம்?’

‘காரைக்கால்.’

‘தஞ்சாவூர் ஜில்லான்னு போடுறேன்.’

‘அது ஏன்? காரைக்கால் தஞ்சாவூர் இல்லையே.’

‘சுத்தி தஞ்சாவூருதானே இருக்கு?’

‘சுத்தி இருந்தா? நாங்க நடுவுல இருக்கோம். பிரெஞ்சுக் காரைக்கால்னு போடுங்க.’

பெட்டிசன்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். ‘அண்ணே, காரைக்கால்னு மட்டும் போடுறேன். முன்னாடி ஒண்ணும் வேணாம்.’

‘பிரெஞ்சுன்னும் போடுங்க. உள்ளதத்தானே சொல்றேன்.’

போட்டார். ஒரு சொல். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருப்பார். எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. லைனில் மற்றப் பெண்களெல்லாம் ராமநாதபுரத்துக்காரன் பெண்சாதி, திருச்சிக்காரன் பெண்சாதி. நான் பிரெஞ்சுக்காரன் பெண்சாதி.

மூன்று வருஷம் கழித்து அந்தக் காகிதம் விசாரணைத் துரையின் மேசையில் இருந்தது. அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

துரை இங்கிலீஷில் கேட்டார். முதலியார் தமிழில் சொன்னார்.

‘நீங்க பிரெஞ்சுக்காரரான்னு துரை கேக்குறாரு.’

‘ஆமாங்க.’

கிளாக்கர் ஐயா இருமினார். கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்தார். வக்கீல் இல்லை. கோர்ட்டுப் புரொக்டர் ஒருவரிடம் எழுதுகிற வேலை. எங்கள் பேக்கரிக்கு எதிரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பின்னேரம் நாலரைக்கு வந்து ஒரு றாத்தல் பாண் வாங்குவார். அவர் இருமியது என் வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை.

‘பிரெஞ்சு பேசத் தெரியுமான்னு கேக்குறாரு.’

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்.

‘அன், தெ, துருவா, கத்ரு, சேங்க், சீஸ், செத், வித், நெப், தீஸ்.’

தட்டெழுத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். துரையும் சிரித்தார். அப்புறம் குனிந்து எழுதினார். நிறைய எழுதினார்.

முதலாளி சாட்சி சொன்னார். ‘இருவத்தஞ்சு வருஷமா என்ட போறணைல ஈக்கிற மனிசன் சேர். கண்டி முழுக்க இவர்ட கையால பாண் திண்டீக்கி. நீங்களும் திண்டீப்பீங்க.’

முதலியார் அதில் பாதியைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் துரை சொன்னது இது. சட்டம் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு. இவர் சொல்வதைப் பார்த்தால் இவர் பிரான்ஸ் ராச்சியத்தில் இருந்து வந்தவர். கொழும்புக்கு எழுதிக் கேட்க வேண்டும். மாசியில் திரும்ப வரவும்.

வெளியே வந்ததும் கிளாக்கர் ஐயா பொறுக்க மாட்டாமல் கேட்டார். ‘நீங்கள் ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்? அதுக்குள்ளை பத்து மட்டும் எண்ணியும் காட்டினனீங்கள்.’

‘கேட்டாங்க. தெரிஞ்சத சொன்னேன்.’

‘பத்துக்கு மேலை தெரியுமே?’

‘தெரியாது.’

‘நல்ல காலம். தெரிஞ்சிருந்தா அங்கையே கப்பலேத்தியிருப்பாங்கள்.’

முதலாளி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. நடந்தே வந்தோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் கிளாக்கர் ஐயா இங்கிலீஷ் பேப்பரோடு வந்தார். பாண் வாங்கவில்லை. நேரே போறணைப் பக்கம் வந்தார்.

‘முசியே, உங்கடை நாட்டிலை புதுப் பிரதமர் வந்திட்டார்.’

‘என் நாடா?’

‘துரைக்கு முன்னாலை ஓம் எண்டு சொன்னதுதானே. கேளுங்கோ.’

அவர் சொன்னதை நாங்கள் மாத் தூசிக்குள் நின்று கேட்டோம். பிரான்ஸுக்குத் தூரக் கிழக்கில் ஒரு சண்டை நடந்தது. எட்டு வருஷமாக நடக்கிறது. இந்த மனிதர் பாராளுமன்றத்தில் எழுந்து, முப்பது நாளில் சண்டையை நிறுத்துகிறேன், முடியாவிட்டால் முப்பதாம் நாள் வேலையை விட்டுப் போகிறேன் என்றாராம். அதைக் கேட்டு அவருக்குப் பதவி கொடுத்தார்களாம்.

பெயரையும் வாசித்தார். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. கடைசி வரை நுழையவில்லை.

‘அவருக்கும் எங்களுக்கும் என்னங்க?’ என்று நான் கேட்டேன்.

‘இருக்கு. சண்டை பிடிக்கிறதிலை விருப்பம் இல்லாத ஆள். பாண்டிச்சேரியையும் காரைக்காலையும் இந்தியா நெடுகக் கேட்டுக்கொண்டு இருக்குது. இவர் குடுப்பார் போலை. குடுத்தா முசியே இந்தியாக்காரர். இந்தியாக்காரர் எண்டா மனுவைத் தள்ளேலாது. மாசிக்கு முதல் குடுக்க வேணும். அவ்வளவுதான்.’

அதுவரை எங்களுக்கு அந்த மனிதர் யாரோ. அன்றிலிருந்து அவர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

போறணைக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கோடு போடுவது பேக்கரி வழக்கம். ஒரு தடவை பாண் இறக்கினால் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. சனிக்கிழமை ஈரத் துணியால் துடைப்பார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கரித்துண்டை எடுத்து, துணி எட்டாத உயரத்தில் மூன்று கோடு போட்டார். பிரதமர் பதவிக்கு வந்து மூன்றாம் நாள் என்று கிளாக்கர் ஐயா சொல்லியிருந்தார்.

‘என்ன முசியே, மேல ஒரு போறணை ஈக்கா?’ என்றார் முதலாளி.

‘பிரதமருங்க.’

‘அடே. ஒன்ட பிரதமர் வெந்து இறங்குற நேரம் செல்லு, நானும் வாறேன்.’

நாளுக்கு ஒரு கோடு. முதலில் கோடு போட்டுவிட்டுத்தான் விறகு வைப்பார்.

கிளாக்கர் ஐயா அடிக்கடி விசயம் கொண்டுவந்தார். பிரதமர் படித்தவராம், வக்கீலாம். இருபத்தைந்து வயதிலேயே பாராளுமன்றம் போனவராம். பெரிய சண்டையில் ஜெர்மன்காரன் வந்தபோது அவரைப் பிடித்து மறியலில் போட்டார்களாம். ஜன்னல் கம்பியை அறுத்து, சுவரேறிக் குதித்து ஓடிப் போனாராம்.

‘கேட்டியா புள்ள?’ என்றார் என் வீட்டுக்காரர். ‘செவரேறிக் குதிச்சவராம்.’

‘நீங்க குதிக்காம இருந்தாச் சரி.’

முப்பது நாள் ஆனது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளுக்கு மறுநாள் கிளாக்கர் ஐயா வந்தார். சண்டையை நிறுத்தியாயிற்று.

‘முப்பதுக்குள்ள முடிச்சிட்டாரா?’

‘கடைசி நாள் கொஞ்சம் இழுபட்டுப் போச்சு. கூட்டம் நடந்த இடத்திலை மணிக்கூட்டை நிப்பாட்டி வைச்சவையாம் எண்டும் ஒரு கதை.’

என் வீட்டுக்காரர் நெடுநேரம் சிரித்தார். பாண் கருகுகிறது என்று முதலாளி கத்தினார். அவர் போறணையில் பாண் கருகியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் பால் கதை வந்தது. பிரான்ஸில் எல்லோரும் சாராயமும் வைனும் குடிப்பார்களாம். இவர் பால் குடிக்கச் சொல்கிறாராம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தாமே பால் குடிக்கிறாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம். அதற்காக அங்கே அவரைக் கேலி செய்கிறார்களாம்.

முதலாளி எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் டின்பால் விட்டார். ‘குடி முசியே. ஒன்ட பிரதமர்ட கட்டளை.’

அவர் குடித்தார். அன்றிலிருந்து மகளுக்கும் மகனுக்கும் காலையில் டின்பால் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். வாங்கிக் கொடுத்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சுவரில் கோடு கூடியது. ஐப்பசி பிறந்ததும் கிளாக்கர் ஐயா வேகமாக வந்தார். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊர்ப் பிரதிநிதிகளைக் கூட்டி வாக்கெடுத்தார்களாம். நூற்று எழுபத்தெட்டுப் பேர். நூற்று எழுபது பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள்.

‘அந்த எட்டுல ஒருத்தன் எங்க சொந்தக்காரனா இருப்பான்’ என்றார் என் வீட்டுக்காரர்.

‘நீங்கள் அங்கை இருந்தா?’

அவர் பாண் தள்ளுகிற நீளப் பலகையைச் சுவரில் சாத்தினார். ‘என்னைய யாரும் கேக்கலையே’ என்றார்.

மூன்று நாலு நாளில் டில்லியில் கையெழுத்து ஆயிற்று. அந்த மாதம் நடுவில் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இந்தியக் கொடி ஏற்றினார்கள். அது பேப்பரில் வந்த அன்று முதலாளி சுட்ட பணிஸ் முழுவதையும் லைனில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். ‘முசியே செத்துட்டார். இனி ஒனக்கு வேற பேர் வெக்கணும்’ என்றார்.

வைக்கவில்லை. பழைய பெயரே நின்றது.

கிளாக்கர் ஐயா பணிஸைக் கடித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டினார். உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. பிரான்ஸ்காரன் ஆள்கிற இன்னொரு தேசத்தில், ஆபிரிக்காப் பக்கம், இங்கே கொடி இறங்கிய அதே நாளில் துப்பாக்கிச் சூடு. ‘ஒரு பக்கம் அடைக்க மறுபக்கம் ஒழுகுது’ என்றார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

என் வீட்டுக்காரர் கோடு போடுவதை நிறுத்தவில்லை.

‘அவருதான் குடுத்திட்டாரே. இன்னும் எதுக்கு?’ என்று கேட்டேன்.

‘மாசி வரைக்கும் இருக்கட்டும். பாதியில விட்டா நல்லா இருக்காது.’

கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழும்பவில்லை. அந்த மூன்று நாளும் கோடு இல்லை. நான் போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

தை கடைசியில் கிளாக்கர் ஐயா வந்தார். அன்றைக்கு அவர் அறைக்குப் போய்ச் சட்டை மாற்றாமலே வந்தார்.

‘விழுந்திட்டார்.’

‘யாரு?’

‘உங்கடை பிரதமர். அந்த ஆபிரிக்கா விசயத்திலை. முந்நூற்றுப் பத்தொன்பது பேர் எதிர். இருநூற்று எழுபத்து மூண்டு பேர்தான் அவர் பக்கம்.’

என் வீட்டுக்காரர் கையில் இருந்த மாவைத் தட்டினார். ‘எத்தன நாளு இருந்தாரு?’

கிளாக்கர் ஐயா பேப்பர் ஓரத்தில் மாதம் மாதமாக எழுதிக் கூட்டினார். ‘ஏழு மாதமும் பதினெட்டு நாளும் வருது. நாளாப் பாத்தா இருநூற்று முப்பத்து மூண்டு.’

‘அவ்வளவுதானா?’

‘அங்கை அதே பெரிசு. சில பேர் ஒரு கிழமையும் இருக்கேல்லை.’

‘பதவி குடுத்து உக்கார வெச்சவங்கதானே கவுத்தது?’

‘ஓம். அவங்கள்தான்.’

என் வீட்டுக்காரர் அன்றைய கோட்டை ஏற்கெனவே போட்டிருந்தார். அதைத் தொடவில்லை. கரித்துண்டைப் போறணைக்குள் எறிந்தார்.

அடுத்த வாரம் மாசி பிறந்தது. திரும்பவும் அந்த அறைக்குப் போனோம். அதே ஆட்கள். தட்டெழுத்துப் பெண் மட்டும் வேறு. கொழும்பிலிருந்து கடிதம் வந்து மேசையில் இருந்தது.

கிளாக்கர் ஐயா எழுந்து, பேச அனுமதி கேட்டு, காரைக்கால் இப்போது இந்தியா என்று சொன்னார். பேப்பரை நீட்டினார். துரை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார்.

முதலியார் எங்கள் பக்கம் திரும்பினார். ‘துரை சொல்றாரு, இப்ப கொடிதான் மாறியிருக்காம். சட்டப்படி பிரான்ஸ் பாராளுமன்றம் இன்னும் எழுதிக் கொடுக்கலையாம். அது ஒரு பக்கம். எழுதிக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லையாம். முந்தி பிரிட்டிஷ் இந்தியாவா இருந்த ஊரு, ராஜாக்கள் ஆண்ட ஊரு, இதுலேருந்து வந்தவங்களுக்குத்தான் இந்தச் சட்டம். உங்க ஊரு அதுல இல்ல. நீங்களே பிரெஞ்சுன்னு எழுதியிருக்கீங்க.’

‘அந்த ஒரு வார்த்தைய அடிச்சிரலாங்களா?’ என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

முதலியார் அதைத் துரையிடம் சொல்லவில்லை. ‘இனி அடிக்க முடியாது’ என்று தாமே சொன்னார்.

‘வெறும் காரைக்கால்னு போட்டிருந்தா?’

முதலியார் துரையைப் பார்த்தார். துரை என்ன என்று கேட்டார். அவர் சொன்னார். துரை தோளைக் குலுக்கினார்.

‘யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க’ என்றார் முதலியார்.

துரை கெட்டவர் இல்லை. பேனாவை மூடினார். மன்னிக்க வேண்டும் என்று தமிழில் சொன்னார். அதற்கு முன் எந்தத் துரையும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே குளத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். முதலாளி தொப்பியைக் கழற்றி விசிறினார். ‘பிரதமரும் போய்ட்டான், மனுவும் போய்ட்டு. ஒரே கிழமைல. என்ன மனிசன்டா நீ’ என்றார்.

‘அவரு சொன்னத செஞ்சாருங்க’ என்றார் என் வீட்டுக்காரர். ‘அவர் மேல தப்பில்ல.’

பெட்டிசன்காரர் மரத்தடியில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்தாரா என்று தெரியாது.

மாசி முடிகிற நேரம் கடிதம் வந்தது. மனு தள்ளுபடி. இவர் அந்நிய நாட்டவர். மூன்று மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். நான் இங்கே பிறந்தவள், பிள்ளைகளும் இங்கே. எங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இருக்கலாம் என்றும் இல்லை, போகலாம் என்றும் இல்லை. கிளாக்கர் ஐயா இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். மேலிடத்துக்கு ஒரு பெட்டிசன் எழுதினார். பதில் வரவில்லை.

கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் சுவருக்குப் போனார். பிரதமரின் வரிக்குக் கீழே ஒரு சாண் இடம் விட்டு, ஒரு கோடு போட்டார்.

‘இது யாரு?’ என்றார் முதலாளி.

‘நானுங்க.’

அந்தச் சனிக்கிழமை ஈரத் துணியை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்தச் சொன்னார் முதலாளி.

அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மா அரித்தேன். அவர் பாண் சுட்டார். புதிதாக ஒருவரைப் போறணைக்குப் பழக்கினார். அந்த ஆள் கையை நீட்டிச் சூடு பார்க்கத் தெரியாமல் மயிரைக் கருக்கிக்கொள்வார். பிள்ளைகள் காலையில் பால் குடித்தார்கள். நாலு பேரும் போய்விடலாமா என்று ஒரு நாள் கேட்டேன்.

‘அங்க வீடு இருக்கா வாசல் இருக்கான்னு பாக்கணும். உனக்கு என்ன கடுதாசி குடுப்பாங்கன்னும் தெரியல. போயிட்டுக் கூப்பிடுறேன்.’

‘கூப்பிடுவீங்களா?’

‘வேற எதுக்குப் போறேன்?’

வைகாசியில் புறப்பட்டார். தவணைக்கு இன்னும் சில நாள் இருந்தது. கடைசி நாளில் பிடித்து ஏற்றினார்கள் என்று பெயர் வேண்டாம் என்றார். காலையில் போறணைக்குப் போய், அன்றைய கோட்டைப் போட்டுவிட்டு வந்தார். ஒரு தகரப் பெட்டி. முதலாளி பத்துப் பாண் கட்டிக் கொடுத்தார். கப்பல் ஏறுகிற தலைமன்னார் போய்ச் சேரும் வரைக்கும் பத்துப் பாணா என்று நான் கேட்டேன். ‘ரயில்ல ஆளுகளுக்குக் குடுக்கட்டும்’ என்றார் முதலாளி.

பேராதனைச் சந்தி வரைக்கும் நாங்களும் ரயிலில் போனோம். அங்கே இறங்கி நின்றோம். அவர் ஜன்னலோரம் இருந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லிக் கொடுத்ததை எண்ணினாள். அன், தெ, துருவா. தீஸ் வரைக்கும் தப்பில்லாமல் வந்தாள்.

‘பதினொண்ணு என்னப்பா?’

‘தெரியாதும்மா. எனக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாங்க.’

ரயில் போனது. நாங்கள் பஸ்ஸில் கண்டிக்கு வந்தோம். பின்னேரம் மா அரிக்க வேண்டியிருந்தது.

மூன்று கடிதம் வந்தது. கிளாக்கர் ஐயாதான் வாசித்தார். எனக்குக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் அவர் வாசித்தால் சீக்கிரம் முடியும். முதல் கடிதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று இருந்தது. சிவப்புத் தொப்பிகளை இப்போது காணோம் என்றும் இருந்தது. இரண்டாவதில், எங்களைக் கூப்பிட ஆபீசுக்குப் போனாராம். நீ கொடி மாறுகிறபோது இங்கே இல்லை, வெளிநாட்டில் இருந்தாய், ஆகவே உன்னை இந்தியன் என்று எழுத முடியாது, மேலே கேட்க வேண்டும் என்றார்களாம். ‘இங்கயும் நான் பிரெஞ்சுக்காரனாம்’ என்று எழுதியிருந்தார். கிளாக்கர் ஐயா அந்த இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். மேலே வாசித்தார். மூன்றாவது சின்னக் கடிதம். காய்ச்சல், குணமாகிவிடும், பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்த வேண்டாம்.

நாலாவது கடிதம் வேறு ஒருவர் கையெழுத்து. பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் காரியமும் செய்துவிட்டதாக இருந்தது. பெட்டியை வைத்திருக்கிறோம், யாராவது வந்தால் கொடுப்போம் என்றும் இருந்தது. போக எங்கள் யாருக்கும் பிரயாணக் கடுதாசி இல்லை.

நான் அழுதேன். ஒரு தரம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அந்தப் பிரதமர் திரும்பப் பதவிக்கு வந்தாரா என்று பிறகு ஒரு நாள் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன். வேறு ஒருவருக்குக் கீழே மந்திரியாகக் கொஞ்சக் காலம் இருந்தாராம். அதிலும் ஒத்துப்போகாமல் விலகிவிட்டாராம். பிரதமராகப் பிறகு வரவில்லை.

அடுத்த வருஷம் சுகாதாரப் பரிசோதகர் பேக்கரிக்கு வந்து, போறணைச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். முதலாளி ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அரிதட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. வெள்ளையடிக்கிறவர் ஏணியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

‘தங்கச்சி, அடிச்சிட்டா பொறகு ஒண்டும் தெரியாது’ என்றார் முதலாளி. ‘பாக்குறண்டா இப்ப பாருங்க. எவ்வளவு நேரமெண்டாலும் பாருங்க.’

மேல் வரியை எண்ணினேன். ஐந்து ஐந்தாக. இருநூற்று முப்பது வந்தது. கிளாக்கர் ஐயா சொன்னதற்கு மூன்று குறைவு. அது காய்ச்சலில் படுத்த மூன்று நாள்.

கீழே அவருடைய வரியையும் எண்ணினேன், கடிதம் வந்த நாளிலிருந்து ரயில் ஏறிய நாள் வரை. இவ்வளவுதானா, தப்பாக இருக்கும் என்று திரும்பவும் எண்ணினேன். இரண்டு தடவையும் ஒரே எண்தான்.

‘சரிங்க, அடிக்கச் சொல்லுங்க’ என்றேன்.

எண்பத்து மூன்று.